‘பயனர் தவறு’ என்று மூடப்படும் புகார்கள்: திரை வடிவமைப்பில் உளவியல் எங்கே கைகொடுக்கிறது?

#1 திரைக்கோடன்

வணக்கம் நண்பர்களே. ஆப், இணையதளம், அலுவலக மென்பொருள் எதுவானாலும் அதன் புகார்ப் பட்டியலைத் திறந்தால் ஒரு குறிப்பு அடிக்கடி கண்ணில் படும்: ‘பயனர் தவறு, மூடப்பட்டது.’ அத்தோடு விசாரணையும் நின்றுவிடுகிறது. அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தார், அந்த நொடியில் திரை அவருக்கு என்ன காட்டியது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இப்படித்தான் நடந்தது. பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விமானி இறக்கையின் ஃபிளாப்பை (பின்பக்கம் நீளும் மடிப்புப் பலகையை) உள்ளே இழுக்க நினைத்து, சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையை உரசிக்கொண்டு போகும். ஒருவர் இருவர் இல்லை, பலர். எல்லாம் ‘விமானியின் தவறு’ என்றே பதிவாயின. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் இருந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ், விமானி அறைக்குள்ளேயே போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சி-47 விமானத்தில் அந்த அமைப்பு வேறு; அதை ஓட்டியவர்களிடம் இந்தத் தவறு இல்லை. சக்கரத்துக்கான விசையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப்புக்கான விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் இதுபோன்ற 460 ‘விமானித் தவறுகளை’த் திரட்டி ஆராய்ந்தார்கள். ஏறத்தாழப் பாதி, ஒரு விசையை இன்னொன்று என்று மாற்றி இயக்கியவை.

இன்றைய திரையில் ‘சேமி’, ‘நீக்கு’ இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்த இரண்டு சுவிட்சுகள்தான் தெரிகின்றன. என் கேள்வி இதுதான்: உளவியல் கண்டுபிடித்தவற்றில் எவை உங்கள் வேலையில் உண்மையாகவே உதவுகின்றன? எவை வெறுமனே பிரசன்டேஷனில் போட்டுக் காட்டுவதோடு சரி?

#2 நிரல்நேசன்

சபானிஸ் செய்தது அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் டெவலப்பர் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீக்கு பட்டனைத் தொட்டதும் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்கிறோம். ‘ஆம்’ என்று சொன்ன பிறகுதான் நீக்குகிறோம். அரை மணி நேரம் கழித்து ‘என் ஃபைல் எங்கே போச்சு’ என்று வந்து நின்றால் உளவியலிடம் அதற்கு என்ன மருந்து இருக்கிறது? கேட்டாயிற்று, சம்மதமும் வாங்கியாயிற்று. இதற்கு மேல் என்ன செய்வது?

#3 செங்காந்தள்

நான் உளவியல் கற்பிக்கிறேன். நிரல்நேசன் சார் கேட்டதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மனிதர் செய்யும் பிழைகளை டொனால்டு நார்மன், ஜேம்ஸ் ரீசன் போன்ற உளவியலாளர்கள் இரண்டு பெரிய வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, எண்ணம் சரி, கை தவறிவிட்டது. ‘அ’ ஃபைலை நீக்க நினைத்தவர் பக்கத்திலிருந்த ‘ஆ’வைத் தொட்டுவிட்டார். இன்னொன்று, எண்ணமே தவறு. ‘இதை நீக்கினால் என் மொபைலிலிருந்து மட்டும்தான் போகும்’ என்று நம்பி நீக்குகிறார், எல்லாருடைய கணக்கிலிருந்தும் போய்விடுகிறது.

முதல் வகைக்கு உங்கள் கேள்விப் பெட்டி ஏன் உதவாது தெரியுமா? அவர் மனதில் ‘அ’வை நீக்குகிறோம் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டால், ஆமாம், நிச்சயமாக நீக்கத்தான் போகிறார்! கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொல்கிறார். எந்த ஃபைல் என்பதைப் பெட்டி சொல்லவே இல்லை. அதோடு, நாள்முழுக்க அதே பெட்டியைப் பார்ப்பவருக்கு ‘நீக்கு’, ‘ஆம்’ என்ற இரண்டு தொடுகையும் ஒட்டிக்கொண்டு ஒரே செயலாகிவிடுகின்றன. பழகிய செயலைச் செய்யும்போது நடுவில் நிறுத்தி யோசிக்க மூளை இடம் கொடுப்பதில்லை. இது அலட்சியம் இல்லை. பழக்கம் என்பதே அப்படி வேலை செய்வதற்காக ஏற்பட்டதுதான்.

கை தவறியதை மனிதர் எப்போது உணர்கிறார்? பெரும்பாலும் செய்து முடித்த அடுத்த நொடியில். அப்போது அவருக்கு வேண்டியது திரும்பிப் போகும் வழி. ஜிமெயிலில் அனுப்பிய மெயிலை 5 முதல் 30 நொடிக்குள் திரும்பப் பெறும் வசதி இந்த நொடியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். அனுப்பும் முன் கேள்வி கேட்பதைவிட இது பல மடங்கு மேல்.

இரண்டாம் வகைக்கு இப்படித் திரும்பப் பெறும் வசதி, அதாவது அன்டூ, மட்டும் போதாது. தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதே அவருக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியவரும். அங்கே சொற்கள் முக்கியம். ‘இந்த ஆல்பம் பகிரப்பட்ட 4 பேருக்கும் இனித் தெரியாது’ என்று விளைவைச் சொல்ல வேண்டும்.

#4 பழைய பொறியாளர்

கன்ட்ரோல் ரூம்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேடம் சொன்ன பழக்கம் உயிரையே எடுத்த கதை ஒன்று உண்டு. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்துபோனார்கள். மூல காரணம் மென்பொருள் பிழையும், பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டதும்தான். ஆனால் திரையில் வந்தது என்ன? ‘மால்ஃபங்ஷன் 54’. அவ்வளவே. அது ஆபத்தா, சும்மா சிணுங்கலா என்று இயக்குபவருக்குத் தெரிய வழியில்லை. இப்படி ஏதாவது ஒரு எண் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். ‘பி’ விசையை அழுத்தினால் இயந்திரம் தொடரும். அழுத்தி அழுத்திப் பழகிவிட்டார்கள். அன்றும் அழுத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1979 மார்ச் 28, திரீ மைல் ஐலண்ட் அணு உலை. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. ‘மூடு’ என்ற கட்டளை போய்விட்டதா என்பதை மட்டும்தான் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இந்த இழையைப் படிக்கும் டெவலப்பர் தம்பிகள் ஒவ்வொருவரும் தங்கள் திரையில் வரும் ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியை எடுத்துப் பாருங்கள். அது வால்வா, கட்டளையா?

#5 நிரல்நேசன்

பெரியவர் கேட்டது நெஞ்சில் தைக்கிறது. பட்டனைத் தொட்டதுமே, செர்வர் பதில் வருவதற்குள், முடிந்துவிட்டது போலக் காட்டுவது இப்போது பரவலான வழக்கம். திரை வேகமாக இருப்பது போலத் தோன்றும். ஒரு லைக் போடுவதற்கு அது சரி. போகாவிட்டாலும் குடி முழுகாது. ஒரு விண்ணப்பத்துக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ அதைச் செய்யவே கூடாது. வாட்ஸ்அப் இதைச் சரியாகப் பிரித்திருக்கிறது: அனுப்பியாயிற்று என்றால் ஒரு டிக், அந்த மொபைலுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக். கட்டளையும் நிலையும் தனித்தனி.

மேடத்தின் பிரிவினையையும் ஏற்கிறேன். ஆனால் அன்டூ எழுதுவது சாதாரண வேலை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

#6 புதுவரவு

நான் மாணவி. எங்களுக்கு வகுப்பில் ‘மெனுவில் 7 இனங்களுக்கு மேல் இருக்கக் கூடாது, மனித மூளைக்கு அவ்வளவுதான் கொள்ளளவு’ என்று சொல்லித் தந்தார்கள். ப்ராஜெக்டில் 9 வைத்ததற்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. இது சரியா அக்கா?

#7 செங்காந்தள்

சரியில்லை, புதுவரவு. இந்த இழையின் தலைப்புக் கேள்விக்கே இது நல்ல உதாரணம்.

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது அந்த 7. ஒருமுறை கேட்ட எண்களையோ சொற்களையோ உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் 7ஐ ஒட்டி நின்றுவிடுகிறார்கள் என்பது அதில் ஒரு பகுதி. 2001இல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர், துண்டுகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்ள வழியில்லாதபோது அது நான்கை ஒட்டித்தான் என்று காட்டினார். இரண்டுமே கண்முன் இல்லாததை மனதில் தாங்கிப் பிடிப்பது பற்றியவை. மெனுதான் கண்முன்னே இருக்கிறதே! அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள். 9 இனங்கள் தெளிவான பெயரோடு, பொருத்தமான வரிசையில் இருந்தால் குறையே இல்லை.

தேர்வுகள் கூடினால் முடிவெடுக்கும் நேரம் கூடும் என்று உளவியலாளர் ஹிக் 1952இல் காட்டியதையும் இப்படித்தான் இழுக்கிறார்கள். எரியும் விளக்குக்கு உரிய விசையை அழுத்தும் சோதனை அது. அகர வரிசையில் உள்ள நாடுகளின் பட்டியலில் தன் நாட்டைத் தேடுபவர் செய்வது வேறு வேலை. 2000இல் வந்த புகழ்பெற்ற ஜாம் ஆய்வும் அப்படியே. கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினரும், 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள். ஆனால் 2010இல் இதே கேள்வியை ஆராய்ந்த 50 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது சராசரி விளைவு பூஜ்யத்தை ஒட்டி வந்தது. சில சூழலில் உண்டு, சில சூழலில் இல்லை. ‘குறைவாக வை, நிறைய விற்கும்’ என்று யாராவது சட்டமாகச் சொன்னால் நம்பாதே.

மில்லரும் கோவனும் வேண்டிய இடம் வேறு. முதல் பக்கத்தில் காட்டிய விண்ணப்ப எண்ணை மூன்றாம் பக்கத்தில் அடிக்கச் சொல்கிறார்களே, அங்கே வேண்டும். பிழைச் செய்தி ஒரு பெட்டியில் வந்து, அதை மூடினால்தான் ஃபார்மைத் திருத்த முடியும் என்கிற திரையில் வேண்டும். மூடிய பிறகு அந்த ஐந்து பிழையும் எதெது என்று யார் நினைவு வைத்திருப்பது? கட்டத்துக்குள்ளேயே மங்கலாக எழுதியிருக்கும் ‘பிறந்த தேதி, நாள்/மாதம்/ஆண்டு’ என்ற குறிப்பு, அடிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடும் இடத்தில் வேண்டும்.

#8 தொலைபேசிக்குரல்

உதவி மையத்தில் ஃபோன் எடுக்கிறேன். நீங்கள் எல்லாம் பேசுவதை நான் காதால் கேட்கிறேன்.

அழைப்பவர்கள் கோபமாக வருவதைவிடக் கூச்சத்தோடு வருவதுதான் அதிகம். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நான்தான் ஏதோ தப்பா பண்றேன்’ என்றே பேச்சு தொடங்கும். ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். கணக்கு எண்ணைப் பதிந்தால் ‘தவறான உள்ளீடு’ என்று வருகிறது. எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். சரியாக இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். பேரன் அனுப்பிய மெசேஜிலிருந்து காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். எண்ணின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒன்று! கட்டத்தின் கடைசியில் விரலை வைத்து ஒருமுறை அழிக்கச் சொன்னதும் போய்விட்டது. ‘இவ்வளவு நேரம் என் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன்’ என்றார். அந்த வெற்றிடத்தை நீக்குவது மென்பொருளுக்கு ஒரு வரி வேலை என்று எங்கள் டெவலப்பரே சொல்கிறார்.

இன்னொரு வகை அழைப்பும் ஓயாமல் வரும். பணம் கட்டிவிட்டார்கள். ‘வெற்றி’ என்று பச்சை டிக் வந்துவிட்டது. ஆனால் அதற்கு அப்புறம் ‘இறுதிச் சமர்ப்பிப்பு’ என்ற பட்டனை அழுத்தினால்தான் விண்ணப்பம் போகும். அழுத்தாமல் மூடிவிடுகிறார்கள். கடைசித் தேதி முடிந்த பிறகு தெரிகிறது. அவர்கள் அழும்போது என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

#9 செங்காந்தள்

தொலைபேசிக்குரல், நீங்கள் கடைசியாகச் சொன்னது ஆய்வில் நன்றாக அறியப்பட்ட பிழை. வந்த காரியம் முடிந்துவிட்டால், மிச்சமிருக்கும் வேலை நினைவிலிருந்து நழுவிவிடும். ஏடிஎம்மில் பணம் முதலில் வந்து கார்டு பிறகு வந்தால் பலர் கார்டை விட்டுவிட்டுப் போவார்கள், ஏனென்றால் வந்ததே பணத்துக்காக. கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று பல இயந்திரங்களில் வரிசையை மாற்றி வைத்திருப்பது இதனால்தான். அறிவிப்புப் பலகை ஒட்டியிருந்தால் இந்த அளவு பலன் கிடைத்திருக்காது.

உங்கள் விண்ணப்பத்தில் பணம் கட்டுவதுதான் மனதளவில் கடைசிப் படி. ஆகவே சமர்ப்பிப்பை அதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும், அல்லது பணம் வந்ததும் விண்ணப்பம் தானாகப் போக வேண்டும். இரண்டும் முடியாது என்றால் அந்தப் பச்சை டிக்கையாவது எடுத்துவிட்டு, ‘பணம் வந்தது, விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள்.

#10 திரைக்கோடன்

செங்காந்தள் அக்கா சொல்வதை இன்னொரு துறையும் கற்றுக்கொண்டது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் என்ற பாஸ்வேர்ட் விதிகள் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டியால் உலகம் முழுக்கப் பரவின. மனிதர்கள் என்ன செய்தார்கள்? முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 போட்டு, ஒரு ஆச்சரியக்குறி வைத்தார்கள். அடுத்த முறை 1ஐ 2 ஆக்கினார்கள். கணக்குப்படி பலமாகத் தெரிந்தது நடைமுறையில் ஊகிக்க எளிதாகிவிட்டது. 2017இல் நிஸ்ட் அந்த இரண்டு விதிகளையும் கைவிடச் சொன்னது: நீளமாக விடுங்கள், கசிந்தது தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், பாஸ்வேர்ட் கட்டத்தில் காப்பி செய்ததை ஒட்ட அனுமதியுங்கள். இன்னும் எத்தனை தளங்கள் ஒட்டவிடாமல் தடுக்கின்றன!

#11 வளர்முகம்

மார்க்கெட்டிங் பக்கத்திலிருந்து கேட்கிறேன். இதே உளவியலை வைத்துத்தான் எங்கள் வேலையும் நடக்கிறது. டிக் போட்டே வைத்திருந்தால் சம்மதம் கூடுகிறது. இரண்டு வடிவங்களை இரண்டு குழுவுக்குக் காட்டி ஒப்பிடும் ஏ/பி டெஸ்டில் எண்ணோடு தெரிகிறது. கார்டை முதலில் கொடுக்க வைப்பது நல்லது என்றால், இது மட்டும் ஏன் கெட்டது? கோடு எங்கே?

#12 திரைக்கோடன்

நேர்மையான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்கூட்டியே தேர்ந்து வைத்ததன் பலம் பெரியது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 2003இல் உடல் உறுப்பு தானச் சம்மதத்தை ஒப்பிட்டார்கள். வேண்டாம் என்பவர் மட்டும் சொல்ல வேண்டிய ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு. வேண்டும் என்பவர் போய்ப் பதிய வேண்டிய ஜெர்மனியில் 12. அண்டை நாடுகள்தான். மக்களின் மனம் அவ்வளவு வேறுபட்டிருக்க வாய்ப்பில்லை. பலரும் எதுவும் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் டெஸ்டில் கூடிய எண் சம்மதத்தை அளக்கவில்லை, கவனிக்காமல் விட்டதை அளக்கிறது. அங்கேதான் கோடு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019 அக்டோபர் 1 அன்று, குக்கீகளுக்கு (தளங்கள் நம் கருவியில் சேமிக்கும் தகவல் துணுக்குகளுக்கு) முன்கூட்டியே போட்ட டிக் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

ஏடிஎம்மில் கார்டை நினைவூட்டுவது யாருக்கு நல்லது? கார்டுக்காரருக்கு. அவர் நோக்கம் நிறைவேற வடிவமைப்பு துணை நிற்கிறது. சந்தாவை ரத்து செய்ய வந்தவரைப் பக்கம் பக்கமாக அலையவிடுவது அவர் நோக்கத்துக்கு எதிராக நிற்கிறது. அமேசான் பிரைம் பற்றி அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில், ரத்து செய்யும் வழி 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வு கொண்டது என்று குறிப்பிட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. இப்படிப்பட்ட தந்திரங்களுக்கு வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010லேயே ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த ஏ/பி டெஸ்டில் கிளிக்கோடு நிறுத்தாதீர்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்த ஆட்கள் பணம் திருப்பிக் கேட்டார்களா, உதவி மையத்தை அழைத்தார்களா, மெயிலை ஸ்பேமில் தள்ளினார்களா என்பதையும் அதே அட்டவணையில் சேருங்கள். முடிவு எடுக்கும் கூட்டத்துக்குத் தொலைபேசிக்குரல் போன்ற ஒருவரையும் அழையுங்கள்.

#13 வளர்முகம்

மூன்று மாதக் கணக்கு எங்களிடம் தனித்தனியாகக் கிடக்கிறது, யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். நன்றி.

#14 புதுவரவு

விதிகளை அப்படியே போடக் கூடாது என்று புரிகிறது. அப்படியானால் என் திரை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய ஆய்வுக்கூடம் எல்லாம் எங்களிடம் இல்லை.

#15 தொலைபேசிக்குரல்

ஆய்வுக்கூடம் வேண்டாம் கண்ணு. நான்கைந்து பேரைத் தனித்தனியாக உட்கார வை. உன் வகுப்புத் தோழிகள் வேண்டாம், அவர்களுக்கு நீ என்ன செய்தாய் என்று தெரியும். ‘இந்த பட்டனை அழுத்துங்கள்’ என்று சொல்லாதே. ‘உங்கள் முகவரி மாறிவிட்டது, இதில் மாற்றுங்கள்’ என்று காரியத்தை மட்டும் சொல். அப்புறம் பேசாமல் இரு. அதுதான் கஷ்டம். அவர்கள் திணறும்போது உதவத் துடிப்பாய், வாயைத் திறக்காதே. விரல் எங்கே தயங்குகிறது, எதைப் படித்துவிட்டுத் திரும்பப் போகிறார்கள் என்று குறித்துக்கொள். ‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதே. எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

#16 பழைய பொறியாளர்

அதில் ஒருவராவது கண்ணாடி போட்டவராக, வயதானவராக இருக்கட்டும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு. மற்ற மக்களிடமும் இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பிய விளக்குகளால் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். சிவப்பு என்றால் கூடவே ஒரு குறியோ சொல்லோ இருக்க வேண்டும்.

#17 நிரல்நேசன்

அன்டூ பற்றிச் சொல்கிறேன் என்றேன். இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக.

டேட்டாபேஸில் ஒரு பதிவை உடனே அழிக்காமல் ‘நீக்கிய நேரம்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் சிக்கல். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எல்லாக் குவெரியும் அதைப் பார்த்து வடிகட்ட வேண்டும். ஒன்றை விட்டால் நீக்கியது எங்கோ எட்டிப் பார்க்கும். ஒரு பெயரை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கினால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று முட்டும். அதற்கான கட்டுப்பாட்டை மாற்றி எழுத வேண்டும். எத்தனை நாளில் உண்மையாகவே அழிப்பது என்பதையும் முன்பே முடிவு செய்து பயனருக்குச் சொல்லிவிட வேண்டும். அழித்ததாகச் சொல்லிவிட்டு வைத்திருப்பது பெரியவர் சொன்ன விளக்கு மாதிரி ஆகிவிடும்.

வெளியே போய்விடும் காரியங்கள், அதாவது மெயில், பணம், எஸ்எம்எஸ், திரும்ப வராது. அவற்றைச் சில நொடி வரிசையில் நிறுத்திவைத்து அனுப்பலாம். ஜிமெயில் செய்வது அதுதான். திருப்பவே முடியாத செயல்களுக்கு மட்டும் கேள்விப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ‘ஆம்’ பட்டன் வேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு ரெப்பாசிட்டரியை (நிரல் தொகுப்பை) நீக்க அதன் பெயரை அடிக்கச் சொல்கிறார்கள். எந்த ஃபைல் என்பதைப் பெட்டி சொல்வதில்லை என்று மேடம் குறை சொன்னாரே, அதற்கும் இது பதில்: பெயரை அடிக்கும்போது எதை நீக்குகிறோம் என்று ஒருமுறை படித்தே ஆக வேண்டும். எங்கள் குழுவில் எந்தெந்த நீக்கம் இந்த வகையில் வரும் என்று பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன். முழுக் கணக்கை மூடுவது, பகிரப்பட்ட ஃபோல்டரை அழிப்பது, இந்த இரண்டுதான் இதுவரை தேறியிருக்கின்றன. மற்ற எல்லாவற்றிலும் பெட்டியை எடுத்துவிட்டு அன்டூ வைக்கலாம்.